பத்துச் சில்லிலிருந்து ஆறு சில்லுக்கு: மட்டக்களப்பு மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுத் தலைவர் அவர்களுக்கும், அரசாங்க அதிபர் அவர்களுக்கும், குழு உறுப்பினர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

நான் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைப் பக்கத்து ஊரொன்றிலிருந்து எழுதுகிறேன். என் கணவர் இருபத்திரண்டு வருடமாக லொறி ஓட்டுகிறார். ஓடுவது அவர், கணக்கு எழுதுவது நான். எத்தனை லீற்றர் அடித்தார், எத்தனை மூட்டை ஏற்றினார், எங்கே இறக்கினார், திரும்பும்போது என்ன கொண்டுவந்தார் என்று ஒற்றை றூள் கொப்பியில் நாள் தவறாமல் எழுதி வைக்கிறேன். பதினொரு கொப்பி சேர்ந்திருக்கிறது. எங்கள் வண்டியைப் பற்றி இந்த மடலில் வரும் எண்களெல்லாம் அந்தக் கொப்பிகளிலிருந்து எடுத்தவை.

எங்களிடம் முன்பு இருந்தது பத்துச் சில்லு லொறி, அதாவது பத்துச் சக்கரம். இப்போது இருப்பது ஆறு சில்லு, பதினாலரை அடிப் பெட்டி. டீசல் விலை தாங்காமல் பெரியதைக் கொடுத்துச் சின்னதை எடுத்தோம். எங்கள் வீட்டைப் பொறுத்தவரை அந்த முடிவு சரி. ஆனால் எங்களைப் போலவே ஒவ்வொரு லொறி வீடும் தனித்தனியாக அதே முடிவை எடுத்துக்கொண்டு போனால், மாவட்டத்துக்கு டீசல் குறையாது, கூடும். கொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபோதுதான் எனக்கே இது விளங்கியது. உங்களுக்கு எழுத உட்கார்ந்ததும் இதற்காகத்தான்.

முதலில் அந்தப் பெரிய லொறி எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். 2014இல் மண்முனைப் பாலம் திறப்பதற்கு முன்னால் எங்கள் பக்கத்து ஆட்கள் வாவியைக் கடந்தது பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில். நெல்லேற்றிய பெரிய வண்டி என்றால் வவுணதீவு போய் வலையிறவுப் பாலத்தால் சுற்ற வேண்டும். பாலம் திறந்த பிறகு ஆரையம்பதிப் பக்கத்தால் நேரே பெரிய வீதிக்கு ஏறலாம் என்றானது. இவர் அதுவரை இன்னொரு முதலாளியின் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தார். பாலம் வந்துவிட்டது, இனி எங்கள் பக்கத்து நெல்லை நாங்களே ஏற்றலாம் என்று துணிந்து, என் காணித் துண்டையும் ஈடு வைத்து, லீசிங்கில் அந்த வண்டியை எடுத்தார். எங்கள் வாசலில் அது நின்றால் வீட்டுக் கூரை தெருவுக்குத் தெரியாது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தால் வரும்போது தூரத்திலேயே அதன் நெற்றியைப் பார்த்து "அப்பா வந்துட்டார்" என்று ஓடி வருவார்கள்.

மாரி அறுவடை தொடங்கினால் மாசி, பங்குனி இரண்டு மாதமும் அந்த வண்டிக்கு ஓய்வே இல்லை. 15 தொன் ஏற்றும். நெல் மூட்டைக் கணக்கில் 230 மூட்டைக்குக் குறையாது. பொலன்னறுவை ஆலைகளுக்கு நெல் போகும், கொழும்புக்கு அரிசி போகும். வரும்போது சீமெந்து, சீனி, மா என்று ஏதாவது கிடைக்கும். நிறைந்து போய் நிறைந்து வந்த நாட்களில் எங்கள் கொப்பி அழகாக இருந்தது.

மறுகா 2021, 2022 வந்தது.

அந்த விலைகளை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஆனாலும் ஒரு லொறிக்காரர் வீட்டில் அவை எப்படி வந்து விழுந்தன என்று ஒருதரம் பாருங்கள். 2021 டிசம்பரில் ஒரு லீற்றர் ஓட்டோ டீசல் 121 ரூபாய். 2022 மார்ச்சில் 176. ஏப்ரலில் 289. மே மாதத்தில் 400. ஜூன் கடைசியில் 460. மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்குப் போய்வர ஏறத்தாழ 630 கிலோமீற்றர். எங்கள் பத்துச் சில்லு சுமையோடு லீற்றருக்கு மூன்றரை கிலோமீற்றர் ஓடும். போய்வர 180 லீற்றர். டிசம்பரில் அந்த ஓட்டத்துக்கு டீசலுக்கு மட்டும் 21,780 ரூபாய் எழுதிய அதே கொப்பியில், ஜூனில் அதே ஓட்டத்துக்கு 82,800 ரூபாய் என்று எழுதினேன். எழுதிவிட்டுப் பிழையாகப் பெருக்கிவிட்டேனோ என்று இரண்டாம் தரமும் பெருக்கிப் பார்த்தேன்.

அதுவும் டீசல் கிடைத்தால்தானே. எண்ணெய் செட்டுக்கு முன்னால் மூன்று இரவு, நாலு இரவு என்று லைனில் நின்றார்கள். லொறிக்குக் கீழே, சுமையை மூடும் படங்கை விரித்து இவரும் கிளீனர் தம்பியும் மாறி மாறிப் படுப்பார்கள். ஒருவர் தூங்கினால் மற்றவர் முழித்திருக்க வேண்டும், முன்வண்டி நகர்ந்தால் இடம் போய்விடும். நான் சோற்றைப் பார்சல் கட்டிக்கொண்டு சைக்கிளில் போவேன். ஒரு நாள் போனபோது இவர் சில்லில் சாய்ந்தபடி உட்கார்ந்து, டயரின் பூவை விரலால் தடவிக்கொண்டிருந்தார். "ஓடாமலே இதுக்கு லீசிங் கட்டுறம் புள்ள" என்றார். வேறொன்றும் பேசவில்லை.

2022 ஓகஸ்ட்டில், வண்டிக்கு இத்தனை லீற்றர் என்று எரிபொருளைப் பங்கிடும் கியூஆர் முறை நாடு முழுக்க நடைமுறைக்கு வந்தது. லைன் குறைந்தது, அதற்கு எல்லாரும் நன்றி சொன்னோம். ஆனால் அதில் லொறி என்றால் ஒரே லொறிதான். தொடக்கத்தில் கிழமைக்கு 50 லீற்றர் என்று பிரித்தார்கள். தேங்காய் ஏற்றும் சின்ன லொறிக்கும் 50, பதினைந்து தொன் நெல் ஏற்றும் வண்டிக்கும் 50. எங்கள் வண்டிக்கு 50 லீற்றர் என்பது 175 கிலோமீற்றர், தம்புள்ளையோடு தீர்ந்துவிடும். அங்கே நெல்லோடு நின்று அடுத்த கிழமையைப் பார்க்க முடியுமா? கூடிய விலைக்குக் கள்ளமாக டீசல் வாங்கி ஓடியவர்கள் இருந்தார்கள். இவர் அதற்குப் போகவில்லை. வண்டி முற்றத்தில் நின்றது.

ஆனால் எங்களை முறித்தது டீசல் விலை மட்டும் என்று சொன்னால் அது முழுக் கணக்காகாது. வண்டி நிறையாமல் போனதுதான் முறித்தது. 2021இல் இரசாயன உரத்தை நிறுத்தியதன் பலன் அந்த மாரி வேளாண்மையில் தெரிந்தது. பசளை இல்லாத வயல் வட்டைகளில் விளைச்சல் விழுந்தது. இருந்த நெல்லையும் விலை ஏறட்டும் என்று பலர் வீட்டில் வைத்துக்கொண்டார்கள், அதில் பிழை சொல்ல முடியாது. 230 மூட்டை ஏற்றிய வண்டிக்கு 90 மூட்டை சேர்க்க இரண்டு நாள் அலைய வேண்டி வந்தது. திரும்பும்போது வெறும் பெட்டி.

இந்த இடத்தில் கொஞ்சம் பொறுமையாகக் கணக்குப் பாருங்கள் ஐயா. கொழும்புக்கு ஒரு வழி 315 கிலோமீற்றர். பத்துச் சில்லு 15 தொன் நிறைந்து போனால் 90 லீற்றர் குடிக்கும், தொன்னுக்கு 6 லீற்றர். அதே வண்டி 6 தொன்னோடு போனால் பாரம் குறைவு என்பதால் லீற்றருக்கு நாலு கிலோமீற்றர் ஓடும், அப்போதும் தொன்னுக்கு 13 லீற்றர் விழும். எங்கள் ஆறு சில்லு 4 தொன் நிறைந்து போனால் லீற்றருக்கு ஏழு கிலோமீற்றர், 45 லீற்றர் போதும், தொன்னுக்கு 11 லீற்றருக்குக் கொஞ்சம் மேல். நிறைந்த பெரிய வண்டியைச் சின்ன வண்டியால் ஒருநாளும் வெல்ல முடியாது. நிறையாத பெரிய வண்டியைத்தான் அது வெல்லும். எங்களுடையது நிறையாத வண்டி. ஆகவே விற்றோம்.

விற்றதைப் பற்றி நீட்டி எழுத மனமில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியதால் அப்போது சின்ன லொறிகளுக்குச் சந்தையில் அடிபிடியாக இருந்தது. பெரியதைக் கேட்டு வந்தவர்கள் குறைத்துக் கேட்டார்கள், சின்னதை விற்க வந்தவர்கள் கூட்டிச் சொன்னார்கள். லீசிங்கை இடையில் கட்டி முடிக்கப் போனபோது அதற்கென்று தனியாக ஒரு தொகை வெட்டினார்கள். இரண்டு பக்கமும் அடி வாங்கித்தான் வண்டி மாற்றினோம். வந்தவர் லொறியை எடுத்துக்கொண்டு போகும்போது இவர் படங்கையும் கயிற்றையும் மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார். அந்தப் படங்கு இப்போதுள்ள பெட்டிக்கு மூன்று மடிப்பு போடும் அளவுக்குப் பெரியது. இன்னும் அதைத்தான் போடுகிறார்.

கிளீனர் தம்பியைப் பற்றி மட்டும் சொல்லாமல் விட முடியாது. பதினெட்டு வயதில் எங்களோடு வந்தவன், ஆறு வருடம் நின்றான். ஆறு சில்லுக்கு இரண்டு பேர் சம்பளம் கட்டாது என்று அவனுக்குச் சொல்ல வேண்டியவர் இவர். ஒரு கிழமையாகச் சொல்ல முடியாமல் தவித்தார். கடைசியில் அவனாகவே ஒரு பின்னேரம் என்னிடம் வந்து, "அக்கா, நான் மேசன் வேலைக்குப் போறன். அண்ணனுக்கிட்ட நீங்களே சொல்லிருங்க" என்றான். அவன் கணக்கைப் பார்த்துவிட்டான். சின்ன வண்டிக்கு மாறினால் டீசல் மிச்சம் என்று பேசுகிறவர்கள், அந்த மிச்சத்துக்குள் ஒரு பொடியனின் சம்பளமும் கிடக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

சின்ன வண்டி வந்த பிறகு நாங்கள் பார்த்த நன்மையையும் மறைக்கமாட்டேன். பெரிய வண்டி இருந்த காலத்தில் அது தார் வீதியில்தான் நிற்கும். வட்டைக்குள்ளிருந்து நெல் உழவு மிசின் பெட்டியில் வீதிக்கு வரும், அங்கே இறக்கி மறுபடி லொறியில் ஏற்ற வேண்டும். ஒரு மூட்டைக்கு இரண்டு ஏற்றுகூலி. மிசினுக்குத் தனி டீசல். வாய்க்கால் கட்டில் ஏறினால் பெரிய லொறியைத் திருப்ப இடமிருக்காது, மதகும் தாங்காது. இப்போது ஆறு சில்லு கிறவல் வீதியால் களத்தடிக்கே போகிறது. வெட்டு மிசின் நெல்லைக் கொட்டின இடத்தில் மூட்டை கட்டி, அப்படியே ஏற்றி, ஒரே கூலியோடு வெளியே வருகிறது. விவசாயிக்கும் மிச்சம், எங்களுக்கும் அலைச்சல் இல்லை. போன மாரியில் எங்கள் ஊர்த் தாயொருவர், கணவரை இழந்தவர், இரண்டு ஏக்கர் செய்பவர், இவரிடம், "தம்பி, முந்தியெல்லாம் எனக்கு லொறி வராது. ஆருட நெல்லோடயும் சேர்த்து அனுப்பிப்போட்டு விலைய அவங்க சொல்றதுதான். இப்ப என்ட களத்தில என்ட நெல்ல நானே நிறுத்து ஏத்துறன்" என்றார். இதைக் கேட்டு வந்து சொன்ன அன்று இவர் முகத்தில் இருந்ததை நான் வெகுநாளுக்குப் பிறகு கண்டேன்.

ஆகவே சின்ன வண்டிக்கு ஒரு வேலை இருக்கிறது, அதை அது பெரிய வண்டியைவிட நன்றாகச் செய்கிறது: களத்திலிருந்து பெரிய வீதிவரை, ஊருக்குள், மாவட்டத்துக்குள். செங்கலடி, ஏறாவூர், களுவாஞ்சிகுடி, கல்முனை, சம்மாந்துறை வரை அது ஓடலாம். கொழும்புக்கு ஓடுவதுதான் தவறு. ஆனால் நாங்கள் ஓடுகிறோம். எங்களைப் போல மாறிய மற்றவர்களும் ஓடுகிறார்கள். ஏனென்றால் வழியில் சுமையை மாற்றிக் கொடுக்க ஓரிடமும் இல்லை.

60 தொன் அரிசி கொழும்புக்குப் போக வேண்டும் என்று வையுங்கள். நிறைந்த பத்துச் சில்லு நாலு போதும், 360 லீற்றர். எங்களுடையதைப் போல ஆறு சில்லு என்றால் பதினைந்து வண்டி, 675 லீற்றர். அந்தப் பதினைந்தில் எத்தனை வெறுமையாகத் திரும்பும் என்பது வேறு கணக்கு. வீதிக்கும் பாரம், சாரதிமார் பதினைந்து பேர் இரவு முழுக்க முழித்திருக்க வேண்டும், வெலிகந்தைக்கும் மின்னேரியாவுக்கும் இடையில் யானை குறுக்கிடும் வீதியில். ஒரு வீட்டுக்கு மிச்சமாகத் தெரிந்தது மாவட்டமாகச் சேர்ந்தால் ஏறத்தாழ இரு மடங்கு செலவு.

நான் கேட்பது பெரிய கட்டடம் அல்ல. சுமை சேரும் இடம் ஒன்று வேண்டும். செங்கலடிச் சந்தி அதற்குப் பொருத்தமாகப் படுகிறது. பதுளை, பிபிலை, மகாஓயா வழியாக வரும் ஏ5 வீதி அங்கேதான் வந்து திருகோணமலை வீதியோடு சேர்கிறது. மலைநாட்டு மரக்கறியும் அவ்வழியால்தான் இறங்குகிறது, வாழைச்சேனைப் பக்கத்துச் சுமையும் அங்கே வரலாம். தெற்கே களுவாஞ்சிகுடிப் பக்கம் இன்னொன்று இருந்தால் மண்டூர், வெல்லாவெளி நெல்லுக்கும், அம்பாறை மாவட்டத்துக் கரையோர ஊர்களின் சுமைக்கும் உதவும். அதற்கு அம்பாறை ஒருங்கிணைப்புக் குழுவோடும் நீங்கள் பேச வேண்டும். எங்களுக்கு மாவட்ட எல்லை இருக்கிறது, நெல் மூட்டைக்கு இல்லை.

அங்கே வேண்டியது மழைக்கு ஒரு கூரை, லொறியோடு நிறுக்கும் தராசு ஒன்று, மூட்டையை நேரே ஒரு வண்டியிலிருந்து மற்ற வண்டிக்கு மாற்றக்கூடிய உயரத்தில் ஒரு மேடை, சாரதிமாருக்குக் கழிவறையும் குளிக்கத் தண்ணீரும். சின்ன வண்டிகள் களத்திலிருந்து கொண்டுவந்து சேர்க்கட்டும். பெரிய வண்டிகள் நிறைந்த பிறகு மட்டும் புறப்படட்டும். எந்த வண்டி எப்போது கொழும்பிலிருந்து வெறுமையாகத் திரும்புகிறது என்பதை எழுதி வைக்க ஒரு ஆளும் ஒரு தொலைபேசியும் இருந்தால், திரும்பும் சுமையைத் தேடி ஒவ்வொருவரும் தரகரின் காலில் விழ வேண்டியதில்லை. அதை நடத்தும் பொறுப்பை ஒரு கூட்டுறவுச் சங்கத்திடம் கொடுங்கள். லொறிக்காரரும் விவசாயியும் இரண்டு பேரும் அதில் இருக்க வேண்டும். தரகர் கையில் போனால் இன்னொரு தரகுக் கடையாகத்தான் முடியும்.

மாற்றி ஏற்றினால் கூலி கூடாதா என்று கேட்பீர்கள். கூடும். அந்த 60 தொன்னைச் செங்கலடியில் மாற்றி ஏற்றும் கூலியை ஒரு பக்கத்திலும், மிச்சமாகும் 315 லீற்றர் டீசலின் விலையை மறுபக்கத்திலும் வைத்துப் பாருங்கள். டீசல் 121 ரூபாயாக இருந்த காலத்தில் இந்த யோசனைக்கு நானே தலையாட்டியிருக்கமாட்டேன். 460ஐக் கண்ட பிறகு மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. விலை இறங்கிய மாதங்களும் உண்டு, ஆனால் மாதக் கடைசியில் புதிய விலைக்காக ரேடியோவைக் காதில் வைத்துக்கொண்டிருக்கும் பழக்கம் எங்கள் வீட்டை விட்டுப் போகவில்லை.

ரயிலையும் ஒரு வரி எழுதிவிடுகிறேன். மட்டக்களப்புக்கு வேண்டிய எண்ணெயைக் கொலன்னாவையிலிருந்து ரயிலில்தான் கொண்டுவருகிறார்கள், ஏனென்றால் பாரமான சாமானுக்கு அதுதான் மலிவு. அப்படி ரயிலில் வந்த டீசலை ஊற்றிக்கொண்டு, அதே தண்டவாளத்துக்குப் பக்கத்து வீதியால் நாங்கள் லொறியில் அரிசி கொண்டுபோகிறோம். அறுவடை மாதங்களில் மட்டுமாவது அரிசிக்குச் சரக்குப் பெட்டி இணைக்க முடியுமா என்று புகையிரதத் திணைக்களத்தோடு பேசிப் பாருங்கள். ரயில் வந்தால் லொறிக்காரர் பிழைப்பு போய்விடும் என்று சிலர் சொல்வார்கள். நான் லொறிக்காரர் வீட்டுக்காரி, எனக்கு அந்தப் பயமில்லை. களத்திலிருந்து நிலையத்துக்குக் கொண்டுவர எங்கள் ஆறு சில்லு வேண்டும்.

இன்னொரு கோரிக்கை பங்கீட்டைப் பற்றியது. கியூஆர் முறை 2023 செப்டெம்பரில் நின்றது. இனி எப்போதாவது அது தேவைப்படும் நிலை வந்தால், மாவட்டத்தின் சார்பில் நீங்கள் கொழும்பில் சொல்ல வேண்டியது இது: லொறி என்ற ஒரு சொல்லை வைத்துப் பிரிக்காதீர்கள். வண்டி எத்தனை தொன் ஏற்றும், எந்த மாதம், என்ன ஏற்றுகிறது என்று பாருங்கள். அறுவடை மாதத்தில் நெல்லேற்றும் வண்டிக்கு அந்தந்தக் கமநல சேவை நிலையத்தின் சிபாரிசோடு தனியாகக் கொடுக்கலாம். நெல் வட்டையில் நனைந்து முளைத்த பிறகு கொடுக்கும் டீசலால் யாருக்கும் பயனில்லை.

மதகுகளைப் பற்றி ஏற்கெனவே எங்கள் விவசாய அமைப்பு உங்களுக்கு எழுதியிருக்கிறது, நான் திரும்ப எழுதவில்லை. நாலு தொன் வண்டி தாங்கும் மதகு போதும் என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வண்டி மாறிய புதிதில் இவருடைய சிநேகிதர்மார், "என்ன மச்சான், சின்னனாப் போயிட்டா?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்காகவே சில நாள் இவர் தேநீர்க் கடைப் பக்கம் போகாமல் இருந்தார். அவர்களில் மூன்று பேர் இப்போது எங்கள் வீட்டுக்கு வந்து, எந்த வண்டி எடுக்கலாம், எத்தனை கிலோமீற்றர் ஓடுகிறது என்று கொப்பியைக் கேட்டுப் பார்க்கிறார்கள். நான் எல்லாவற்றையும் காட்டுகிறேன். கடைசியில் ஒவ்வொருவரும் கேட்பது ஒன்றுதான்: "இதோட கொழும்புக்கு ஓடினாக் கட்டுமா?" கட்டாது என்று சொல்கிறேன். அப்படியானால் எங்கே ஓடுவது என்று கேட்கிறார்கள். அதற்கு என் கொப்பியில் பதில் இல்லை, உங்கள் மேசையில்தான் இருக்கிறது.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதற்குப் பத்து நிமிடம் ஒதுக்கினால், பதினொரு கொப்பியையும் எடுத்துக்கொண்டு நான் கச்சேரிக்கு, மாவட்டச் செயலகத்துக்கு, வருகிறேன். அதைவிட நல்லது, மாசி மாதத்தில் ஒரு நாள் விடியற்காலையில் உங்களில் யாராவது எங்கள் பக்கம் வாருங்கள். ஆறு மணிக்கு இவர் வண்டியை வட்டைக்குள் இறக்குவார், பக்கத்து இருக்கை காலியாகத்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
படுவான்கரையிலிருந்து
ஒரு லொறிச் சாரதியின் மனைவி